டைல்ஸுக்கும் ரப்பருக்கும் நடுவே

செப்டம்பர் 8, திங்கள்

அண்ணன் என் தரையைத் திருடிவிட்டான்.

வேறு சொல் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. கலசப்பாக்கத்தில் மாமா வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டு மலையேறி வந்தால், என் ஜிம்மின் முன்பாதியில் வெள்ளை டைல்ஸ் பளபளக்கிறது. முன்பாதிக்கு விரிக்க வைத்திருந்த ரப்பர் பாய்கள் வாசலில் மழையில் கிடக்கின்றன.

ஜிம் என்று நான்தான் சொல்கிறேன். முன் அறைக்கும் பழைய ஆட்டுக்கொட்டகைக்கும் நடுவிலிருந்த சுவரை இடித்துவிட்டு நீளமாக்கிய ஓர் அறை. ஒரு பார்பெல், இரண்டு டம்பெல். கறுப்புப் பாய்கள் போளூரில் மூடிப்போன ஜிம்மிலிருந்து வாங்கியவை. பின்பாதி சிமெண்டில் மட்டும் அவற்றை விரித்து முடித்திருந்தேன். அடுத்த மாதம் போலீஸ் வேலைக்கான உடல்திறன் தேர்வு. நீளம் தாண்டுவதுதான் எனக்குத் தகராறு. அதற்கு அறையின் முழு நீளமும் வேண்டும். வெளியே குதிக்கலாமே என்பார்கள். எங்கே? பள்ளி மைதானத்தில் சாயங்காலம் கிரிக்கெட், பிறகு பாட்டில். மற்ற இடமெல்லாம் சேறு.

"இன்னாண்ணா இது?"

"ஞாயித்துக்கெழம பொண்ணு வூட்டுக்காரங்க வூடு பாக்க வர்றாங்க. சிமிட்டித் தரையக் காட்டச் சொல்றியா?"

அவன் பெங்களூரில் டைல்ஸ் மேஸ்திரி. ஊரான் வீட்டிலெல்லாம் கேட்டுவிட்டுத்தான் ஒட்டுவான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

டைல்ஸ் விளிம்பு ரப்பரைவிட ஒரு விரல் உயரம். அதுகூடப் பரவாயில்லை. கழுவும் தண்ணீர் வாசலுக்கு ஓட, முன்பக்கமாக வாட்டம் வைத்திருக்கிறான். பின்பாதி ஆடு கட்டிய இடம். அங்கே சரிவு பின்பக்கம். இரண்டும் சேரும் இடம் கூரை முகடு மாதிரி நிற்கிறது. ஓடிவந்தால் கால் அங்கேதான் இடறுகிறது.

யூடியூபில் வெள்ளைக்காரன் ஒருவன் இரண்டு தரைக்கு நடுவே ஒரு பட்டையை வைத்து அமுக்கினான், முடிந்தது. அவன் வீட்டில் யாரும் தரைக்கு வாளித் தண்ணீர் ஊற்றுவதில்லை. எல்லாம் மட்டம்.

"பட்டை வெச்சி சேத்துக் குடு" என்றேன்.

"பாக்கலாம்" என்றான்.

செப்டம்பர் 12, வெள்ளி

அம்மா வீடு கழுவினாள். முகடு தாண்டி வந்த தண்ணீர் பாய்க்கு அடியில் போய்விட்டது. தூக்கிப் பார்த்தேன், நாறுகிறது.

"ஏம்மா, கொஞ்சம் பாத்து ஊத்தக் கூடாதா?"

"தரைன்னா தண்ணி ஓட வாணாமா? தேங்கனா யாருடி வழிக்கிறது, நீயா?"

"நான்தான வழிக்கிறேன்! எப்பவும் நான்தான!"

கத்தியிருக்க வேண்டாம். ஆனால் யோசித்துப் பார்த்தால் இந்த வீட்டில் தரை என்பதே கழுவுவதற்காகப் போட்டது. ஒரு பெண் அதன்மேல் நின்று எதையாவது தூக்குவாள் என்று எவனும் நினைக்கவில்லை. கழுவுவாள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

வந்தார்கள். பார்பெல் மாட்டுக்கொட்டகையில், வைக்கோலுக்கு அடியில். பெண் வீட்டார் பார்க்கக் கூடாதாம். திருடின பொருளா அது?

பெண்ணின் சித்தி அறையைப் பார்க்க வந்தவள், நடுமுகட்டில் இடறி அண்ணன் தோளைப் பிடித்தாள். "இன்னா மாப்ள, நடு வூட்ல படி கட்டி வெச்சிகீறீங்க?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா முறைத்தாள்.

"வேலை முடியலங்க அத்தே. மீதியும் டைல்ஸுதான்" என்றான்.

கூசாமல் பொய் சொல்கிறான்.

செப்டம்பர் 15, திங்கள்

காலை பஸ்ஸில் பெங்களூர் போய்விட்டான். அடுத்த தடவை வரும்போது பட்டை வாங்கி வருவானாம்.

செப்டம்பர் 20, சனி

என் சிநேகிதி செவ்வந்தி வந்தாள். அவளுக்கும் அதே தேர்வு. நெல்லிவாசல் பக்கமிருந்து ஜீப்பில் நசுங்கி வருகிறாள். அங்கே அவள் குதிக்க அறை ஏது, பாய் ஏது? இரண்டாவது ஓட்டத்திலேயே டைல்ஸ் விளிம்பில் கால் பட்டுக் கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. ரத்தம். மஞ்சள் வைத்துக் கட்டினேன்.

"உங்கூட்டுத் தரைக்கே என்னப் புடிக்கலடி ரேணு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜமுனாமரத்தூரில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைத் தாண்டி என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். "ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா? டைல்ஸ் போட்ட மேஸ்திரிய இட்னு வா. அவருக்குத்தான் தெரியும்."

"மேஸ்திரி எங்கண்ணன்தாங்க. அவன் தெரியாத மாதிரி இருக்கான். குடுங்க."

அலுமினியப் பட்டை வாங்கி வந்து வைத்தேன். முகட்டின்மேல் சீசாப் பலகை மாதிரி ஆடுகிறது. இந்தப் பக்கம் மிதித்தால் அந்தப் பக்கம் எழும்புகிறது.

செப்டம்பர் 23, செவ்வாய்

பட்டையால் மட்டும் ஆகாது. விளிம்பு வரிசை டைல்ஸை எடுத்துவிட்டு அங்கே சிமெண்டால் மெல்லச் சரித்து இறக்க வேண்டும். மீதிச் சிமெண்ட் இருக்கிறதா என்று மாட்டுக்கொட்டகையில் தார்ப்பாயைத் தூக்கினேன்.

டைல்ஸ் பெட்டிகள். பிரிக்காதவை. அதே வெள்ளை. பின்பாதி முழுவதற்கும் போதும்.

ஆக, சித்தியிடம் அவன் சொன்னது பொய் இல்லை. என்னிடம் சொன்னதுதான் பொய். சேர்க்கத் தெரியாமலா இத்தனை நாள் இழுத்தான்? சேர்க்க இரண்டு தரை இருக்கப்போவதே இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

"அம்மா, உனக்குத் தெரியுமா?"

"கல்யாணம் ஆனா அவங்களுக்கு ஒரு ரூம் வாணாமாடி?"

தெரியும். எல்லோருக்கும் தெரியும். சாப்பிடவில்லை.

செப்டம்பர் 24, புதன்

உளியும் சுத்தியலும் எடுத்து விளிம்பு வரிசையைப் பெயர்த்தேன். முதல் டைல் உடையும்போது அம்மா ஓடி வந்து வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லி, போனை என்னிடம் நீட்டினாள்.

"பைத்தியமா புட்ச்சிகீது உனுக்கு? ஒவ்வொண்ணும் ஒட்ட எம்மாம் இடுப்பு நோவு தெரியுமா?"

"தெரியும்ணா. ஒடைக்கவும் நோவுது."

வைத்துவிட்டான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

முதல் கலவை வெடித்துவிட்டது. தண்ணீர் அதிகம். சுரண்டி எடுத்து மறுபடி போட்டு, ஈரச் சாக்கு போர்த்திக் காயவிட்டேன். இன்று பட்டையை ஸ்குரூ போட்டு முடுக்கினேன். டைல்ஸிலிருந்து சரிவு இறங்குகிறது, பட்டையில் முடிகிறது, அதை ஒட்டி ரப்பர் உட்காருகிறது. பார்க்க அழகாக இல்லை. ஓரிடத்தில் கோணல்.

கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தேன். எங்கே சேர்கிறது என்று கால் சொல்லவில்லை. ஓடிக் குதித்தேன். மறுபடியும். மறுபடியும்.

அக்டோபர் 3, வெள்ளி

அம்மா கழுவினாள். பட்டைக்கு இந்தப் பக்கம் வாளியைச் சாய்க்கவில்லை. துணி நனைத்துத் துடைத்தாள். 

அக்டோபர் 16, வியாழன்

இன்று தேர்வு. தாண்டிவிட்டேன்.

செவ்வந்தி தாண்டவில்லை. கால் கோட்டை மிதித்துவிட்டது, அடுத்ததும் சரியாக விழவில்லை. பஸ்ஸில் மலையேறும் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கும்போதுதான் கேட்டாள்: "அடுத்த தபா வரைக்கும் உங்கூட்டு ஜிம்மு இருக்குமாடி?"

"இருக்கும்" என்றேன். யோசிக்காமல் சொன்னேன்.

போனில் சேதி சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். பட்டை அப்படியே இருக்கிறது. பார்பெல் இல்லை. பின்பாதிப் பாய்களின்மேல் டைல்ஸ் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அதில் ஒன்றின்மேல் அண்ணன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வா வா போலீஸு!" உண்மையாகவே சந்தோஷப்பட்டான். அதுதான் எரிச்சல். "நீ பாஸாயிட்ட. இனிமே இன்னாத்துக்கு உனுக்கு ஜிம்மு? கவர்மெண்டே குதிக்க வெக்கும்." பிறகு சரிவைக் காலால் தடவிப் பார்த்தான். "கலவை யாரு சொல்லிக் குடுத்தது?"

நான் பையைக்கூட இறக்கவில்லை.

"செவ்வந்திக்கு இன்னும் தேர்வு கீதுண்ணா. அவ இங்கதான் குதிப்பா. நான் வேலைக்குப் போனாலும் இங்கதான். எழுந்திரு. பெட்டிங்கள வெளிய எடு."

அம்மா அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சாமைச் சோறு வைத்தாள். அவன் உட்கார்ந்தபடியே குழம்பு கேட்டான்.