பந்தலில் கிடக்கும் வலை

ஜனவரி 12, திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். வீராம்பட்டினம் கரையில் ஒரு போட்டும் இறங்கவில்லை. துணி காயவில்லை.

காரைக்காலிலிருந்து, என் வீட்டுக்காரர் போன போட்டின் முதலாளி போன். இலங்கை நேவி பிடித்துவிட்டதாம், இவரையும் சேர்த்து எல்லோரையும். போன தடவை மாதிரி விட்டுவிடுவார்கள், பயப்படாதே என்கிறார். எப்படி விட்டார்கள் என்று எனக்கல்லவா தெரியும்! மறுபடி எல்லை தாண்டினால் ஜெயில் என்று கோர்ட்டில் சொல்லித்தான் விட்டார்கள்.

போகாதே என்று தலையில் அடித்துக்கொண்டேன். "மாட்டுனது அந்த போட்டு. இது வேற போட்டு, வேற நம்பர். என்னை யாருக்குத் தெரியும்?" என்று கிளம்பினார். இங்கே எல்லா ஆம்பளைக்கும் இதே நினைப்பு, குற்றம் போட்டோடு போய்விடும் என்று. போன தடவை அங்கே கைரேகை வைத்ததை மறந்தாச்சு. படுபாவி மனுஷன்.

ஜனவரி 15, வியாழன்
பொங்கல். வைக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து தூக்கு நிறைய வந்தது. நாத்தனார் கலா வந்து அழுதாள். எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. சாயந்திரம் சுரைக்கொடிக்குத் தண்ணீர்.

ஜனவரி 19, திங்கள்
மீன் விற்க மார்க்கெட்டுக்குப் போகவில்லை. பிடிபட்டவர்கள் வீட்டுப் பொம்பளைகள் எல்லோரும் கலெக்டர் ஆபீஸ் முன்னால் உட்கார்ந்தோம். "விடுதலை செய்" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. வெந்நீர், உப்பு.

திரும்பும்போது பஸ்ஸில் கலா போனில் ஒரு வீடியோ காட்டினாள். யாழ்ப்பாணத்தில் கோர்ட் வாசல். அங்கேயும் பொம்பளைகள், எங்களை மாதிரியே வெயிலில். ஒருத்தி சொல்கிறாள்: "இந்தியாக்காரர் எங்கட வலையெல்லாம் இழுத்துக்கொண்டு போயிட்டினம். பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்கிறது? இவையளை விடக் கூடாது."

கையில் அறுந்த வலை, ஒரு மிதவை. மிதவையில் பச்சைப் பெயிண்டில் ஏதோ எழுத்து. நாங்களும் எழுதுவோம், வலை மாறிப் போகாமலிருக்க. போனைப் பிடுங்கிப் பெரிசாக்கிப் பார்த்தேன். படிக்க முடியவில்லை.

"இன்னா அண்ணி, அப்படிப் பாக்கற?" என்றாள் கலா. போனை அவள் மடியில் வைத்தேன்.

எங்கள் சுரைப்பந்தலே அந்த மாதிரி வலைதான். போன வருஷம் போட்டு இழுத்துப்போகும் இழுவலையில் சிக்கி வந்தது, நல்ல நைலான் என்று இவர் கொண்டுவந்து விரித்தார். அதன் மிதவையில் ‘மேரி’ என்று பச்சையில் எழுதியிருக்கும். யார் இது என்று கேட்டதற்கு, கடல்ல கெடந்தது என்றார்.

அந்தப் பொம்பளைமேல் கோபப்படப் பார்த்தேன். வரவில்லை.

ஜனவரி 28, புதன்
தீர்ப்பு. மற்றவர்கள் எல்லாருக்கும் விடுதலை. இவருக்கு மட்டும் ஜெயில், ஒரு வருஷம். முதலாளி போனை எடுக்கவில்லை. மார்க்கெட்டில் சங்கரா, கொஞ்சம் நெத்திலி. சீக்கிரம் விற்றுவிட்டது.

பிப்ரவரி 3, செவ்வாய்
நல்ல வெயில். இவரோடு பிடிபட்ட முருகையன் ஊர் வந்து சேர்ந்தான், நேரே இங்கே வந்தான். அண்ணன் இளைத்துவிட்டாராம். கேஸுக்கு என்ன செய்வது, வீட்டுக்கு என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஒண்ணுதான் அண்ணி கேட்டாரு. சுரக்கா காய்ச்சிடுச்சான்னு."

அப்போதுதான் அழுதேன். இத்தனை நாளுக்கும் சேர்த்து.

அவன் போனபிறகு கத்தி எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் போனேன். வலையை அறுத்து எறியத்தான். கொடி வலையின் கண்ணுக்குக் கண் பின்னிக் கிடக்கிறது. ஒரு காயை மட்டும் அறுத்துக்கொண்டு வந்தேன். நல்ல பிஞ்சு. அடுப்படியில் கிடக்கிறது, இன்னும் நறுக்கவில்லை.

மேரி வீட்டில் இன்றைக்கு என்ன குழம்போ.