அரை வாளித் தண்ணீர்

இன்று விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. பிளீச்சிங் பவுடர் வாசனை படுக்கை வரைக்கும் வந்து என்னை எழுப்பியது. எழுந்த வேகத்தில் உங்கள் கட்டில் பக்கம் திரும்பி, "தண்ணி வந்துடுச்சுங்க" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. என் வாய்க்கு இன்னும் அது தெரியவில்லை.

வாசலோரம் தரைக்கடியில் இருக்கும் சம்ப்பின் மூடியைத் தள்ளி, உங்கள் மூங்கில் குச்சியை உள்ளே விட்டுப் பார்த்தேன். தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க, நீங்கள் கத்தியால் கோடு கீறி வைத்த குச்சி. ஊரார் நிலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளந்த சர்வேயருக்கு, ரிட்டயரான பிறகு அளக்க இந்தத் தொட்டி ஒன்றுதான் மிஞ்சியது என்று கேலி செய்வேன். இன்று குச்சி மேல் கோடு வரைக்கும் நனைந்து வந்தது. இந்த வருஷம் நல்ல மழை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் விடுகிறார்கள். நீங்கள் இருந்தபோது எட்டிப் பார்க்காத மழை இப்போது யாருக்காகப் பெய்கிறதோ. அதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வேங்கிக்காலில் நாம் மனை வாங்கி வீடு கட்டியதே மொட்டை மாடிக்காகத்தான். மாடியில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். கார்த்திகை தீபத்தன்று டவுன் கூட்டத்தில் நசுங்காமல், பெங்களூரிலிருந்து வரும் மகனும் மருமகளும் பேத்தியும் இங்கிருந்தே பார்க்கலாம் என்பது உங்கள் கணக்கு. நமக்குப் பொங்கல், தீபாவளி எல்லாமே அவர்கள் வந்து தங்கும் அந்த இரண்டு மூன்று நாள்தான். மற்ற நாளெல்லாம் அதற்கான ஏற்பாடு. கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறிப் போய் வறுத்துக் கொறிக்க மல்லாட்டைக் கடலை வாங்கி வருவீர்கள். நான் முறுக்கு சுட்டு டின்னில் அடைத்து, உங்கள் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பேன்.

பிறகு மழை பொய்த்த வருஷங்கள் வந்தன. தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிது. தீபத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே நீங்கள் சேர்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். ஆளுக்கு அரை வாளிக் குளியல். தண்ணீர் ஜாஸ்தி பிடிக்கும் என்று சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்வதைக்கூட நிறுத்தினீர்கள். அரிசி கழுவியது, பாத்திரம் கழுவியது எல்லாம் எலுமிச்சைச் செடிக்குப் போனது. எனக்கு எரிச்சலாக வரும்.

"இந்த ஊர்ல குளிக்காத சாமியாருங்க ஏற்கெனவே ஜாஸ்தி. நாம வேறயா?" என்பேன்.

"அவங்க வர்றப்போ இந்த வீட்ல கம்மின்னு ஒரு வார்த்தை வரக்கூடாது, ஆபரேட்டரம்மா" என்பீர்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவளை எப்படி மடக்குவது என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பேரைச் சொன்னால் நான் சிரித்துவிடுவேன்.

அப்படி ஒரு வருஷம் தீபத்துக்கு அவர்கள் வந்தார்கள். மருமகள் தலைக்குக் குளித்தாள். நீங்கள் ஹாலில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தீர்கள், ஆனால் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. பாத்ரூமுக்குள் தண்ணீர் விழும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். சாயங்காலம் பேத்தி வாஷ்பேசின் குழாயைத் திறந்து காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வயசுப் பிள்ளை. நீங்கள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"மூடு பாப்பா அந்தக் குழாய. தண்ணி எங்கருந்து வருதுன்னு நெனச்ச நீ?"

உங்களுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். குழந்தை சத்தம் வராமல் அழுதாள். மருமகள் குழாயை மூடிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு போனாள். இன்னும் ஒரு நாள் இருக்க வேண்டியவர்கள், லீவு இல்லை என்று காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். அது கஞ்சத்தனம் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் குழந்தைக்காகத்தான் சேர்த்தீர்கள். ஆனால் ஒரு மாதம் சொட்டுச் சொட்டாகப் பிடித்து வைத்த மனசு, அவள் வந்த பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தது. அவர்கள் போன பிறகு தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது. நீங்கள் குச்சியைத் தொடவில்லை.

அடுத்த வருஷம் லாட்ஜில் ரூம் போட்டுவிட்டார்கள். "உங்களுக்கு எதுக்கு மாமா சிரமம்?" என்று மருமகள் மரியாதையாகத்தான் சொன்னாள். மதியம் சாப்பாட்டுக்கு மட்டும் வந்தார்கள். சாப்பிட்டு முடித்த குழந்தை, பாயசம் ஒட்டிய கையைத் தூக்கிப் பிடித்தபடி உங்கள் முன்னால் வந்து நின்றாள்.

"தாத்தா, கொஞ்சமா கை கழுவிக்கட்டுமா?"

நீங்கள் தலையாட்டிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனீர்கள். எலுமிச்சைச் செடிக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றிருந்தீர்கள். நான் வந்து தோளைத் தொட்டபோது, "என்னக் கேக்குது பாரு. கை கழுவ என்னக் கேக்குது" என்றீர்கள்.

போன வருஷம் நீங்கள் வேறு ஆளாக இருந்தீர்கள். பரணிலிருந்து பெரிய அண்டாவை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து மொட்டை மாடியில் கவிழ்த்து வைத்தீர்கள். பேத்தியை அதில் உட்கார வைத்து விளையாட விட வேண்டும். "ஆபரேட்டரம்மா, பெங்களூருக்கு லைன் போடு" என்று சொல்லி, மகனிடம் நீங்களே பேசினீர்கள்.

"இங்கயே தங்குங்கப்பா. தண்ணி நெறைய இருக்கு. பாப்பாகிட்டயும் சொல்லு."

அவன் சரி என்றான். போனை வைத்துவிட்டு என்னிடம், "வந்ததும் நானே குழாயத் தொறந்து விடுவேன். பாப்பா போதும்னு சொல்ற வரைக்கும் மூட மாட்டேன்" என்றீர்கள். அன்று முதல் உங்கள் அரை வாளி கால் வாளியாக ஆனது.

தீபத்துக்கு முந்தின வாரம், காலையில் காப்பியோடு வாசலுக்கு வந்தேன். சம்ப் மூடி திறந்திருந்தது. நீங்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். குச்சி மடியில் கிடந்தது. மேல் கோட்டுக்கு மேலேயும் ஈரம் இருந்தது. கூப்பிட்டேன். காப்பி ஆறிவிடும் என்று இரண்டாம் தடவையும் கூப்பிட்டேன்.

அவர்கள் வந்தார்கள். நீங்கள் ஆசைப்பட்டபடி வீட்டிலேயே தங்கினார்கள். உங்களைக் குளிப்பாட்ட வெந்நீர் வைக்கப் பெரிய பாத்திரம் வேண்டும் என்றார்கள். மாடியிலிருந்து அந்த அண்டாவைத்தான் யாரோ இறக்கி வந்தார்கள். சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து ஒவ்வொருவராகக் குளித்தார்கள். வீட்டிலிருந்த பெண்கள் குளித்தார்கள். குழந்தைக்கும் தலையில் ஊற்றினார்கள். வாளி வாளியாக ஊற்றிக்கொண்டார்கள். நடுவில் யாரும் குழாயை மூடவில்லை. நான் உங்கள் கட்டிலில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன். நீங்கள் எழுந்து வந்து ஒரு சத்தம் போட மாட்டீர்களா என்று இருந்தது. சாயங்காலம் குச்சியை விட்டுப் பார்த்தபோது நுனியில் சேறு மட்டும் ஒட்டி வந்தது. நீங்கள் சேர்த்ததெல்லாம் உங்கள் சாவுக்கே சரியாகப் போயிற்று. மலையில் தீபம் ஏறிய அன்று மாடிக்கு யாரும் போகவில்லை.

அடுத்த வாரம் உங்கள் தெவசம். நேற்று பேத்தி போன் செய்தாள். வளர்ந்துவிட்டாள், பெரிய மனுஷி மாதிரி பேசுகிறாள்.

"பாட்டி, நாங்க லாட்ஜ்லயே குளிச்சிட்டு வந்துடறோம். நீங்க ஒண்ணும் சேர்த்து வைக்காதீங்க. தாத்தா வீட்ல தண்ணி கம்மிதானே?"

என்மேல் இரக்கப்பட்டுத்தான் கேட்டாள். அந்த வார்த்தை இந்த வீட்டில் வரக்கூடாது என்றுதானே நீங்கள் எண்ணெய்க் குளியலை விட்டீர்கள்? அவளுக்கு உங்களைப் பற்றித் தெரிந்தது அந்த ஒரு வார்த்தைதான். "இல்ல கண்ணு, நெறைய இருக்கு. வா" என்றேன். "பரவால்ல பாட்டி" என்றாள். நானும் சரி என்று வைத்துவிட்டேன்.

இன்று தொட்டி நிறைந்து வழிந்தது. வாசலில் ஓடித் தெருவுக்குப் போனது. பார்த்துவிட்டுக் குளிக்கப் போனேன். வாளியில் பாதி நிறைந்ததும் என் கை குழாயை மூடிவிட்டது.