பத்தாயிரத்துக்கு இன்னும் கொஞ்சம்

மார்ச் 3

தும்பி, இன்றைக்கு உன் சைக்கிளைத் துடைத்தேன். கைப்பிடியில் இருக்கிற மீட்டரின் பொத்தானை அழுத்தினால் அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது. நீ ஓட்டிய தூரம் மொத்தம் 9871 கிலோமீட்டர். “பத்தாயிரம் ஆகட்டும்டி, புது மீட்டர் வாங்கிக்கறேன்” என்பாய். ஜனவரியில் உன் நெஞ்சுத் துடிப்பு நின்றுவிட்டது. மீதியை உன் பெண்டாட்டி நான் ஓட்டுவேன். முடிவு பண்ணிட்டேன்.

மார்ச் 5

சலவைக்கூடத்தில் வேலை முடிந்ததும் சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் புது மீட்டர்களை மேசை நிறையப் பரப்பினார். வழி காட்டுவது ஒன்று. மணிக்கட்டில் கட்டுவது ஒன்று. மிதிக்கிற பலத்தை அளப்பது ஒன்று. நெஞ்சில் கட்டுகிற பட்டை ஒன்று, துடிப்பை எண்ணி மீட்டருக்குச் சொல்லுமாம். அதை மட்டும் கையில் எடுத்துப் பார்த்தேன். அப்பவே உனக்கு ஒண்ணு வாங்கிக் கட்டியிருந்தா— வேண்டாம், எழுத மாட்டேன்.

“பழைய கணக்கைப் புதுசுலயே ஏத்திக்கலாம்க்கா.”

“மிச்சத்தை யாரு மிதிக்கறது, உங்க மாமனாரா? பத்தாயிரம் ஆனதும் வர்றேன்.”

மார்ச் 8

உன் சைக்கிள் எனக்கு ஒட்டகம். மீட்டரைக் கழற்றி என் குட்டி சைக்கிளில் மாட்டித் தரச் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார். “சின்னச் சக்கரம்க்கா, கூடுதலா சுத்தும். மீட்டர் பொய் சொல்லும். மீட்டர்ல சக்கர அளவை மாத்தப் போனா மொத்தக் கணக்கும் அழிஞ்சிரும்.”

அப்போ ஒட்டகம்தான். சீட்டை அடிவரைக்கும் இறக்கித் தந்தார்.

மார்ச் 9

விழுந்தேன். மீட்டருக்கு ஒன்றுமில்லை.

மார்ச் 15

உன் தங்கை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “முழங்காலைப் பாருங்க அண்ணி! செத்தவனுக்குச் சைக்கிள் எதுக்கு? வித்துத் தொலைங்க.”

“நான் இன்னும் சாகலடி” என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது. பிறகு அவளே மருந்து போட்டுவிட்டாள்.

9931.

மார்ச் 29

பாலத்து ஏற்றத்தில் 9999. கால் கெஞ்சியது. இறங்கித் தள்ளினாலும் சக்கரம் சுற்றும், மீட்டர் ஒத்துக்கொள்ளும். நீ ஒத்துக்க மாட்டியே! மிதித்தேன்.

எண் மாறியது. 0000.

ஐயோ, அழிச்சுட்டேனா? கடைக்கு ஓடினேன். கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். “அழியலக்கா. நாலு கட்டம்தானே இருக்கு? பத்தாயிரம் ஆனா மறுபடி சைபர்லேர்ந்து தொடங்கும். எத்தனை பத்தாயிரம் ஓட்டினாலும் இப்படித்தான்.”

நெஞ்சுப் பட்டையோடு வருகிற மீட்டரை எனக்கு வாங்கிக்கொண்டேன். பழசும் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றேன்.

தும்பி, நீ சொன்ன பத்தாயிரம் எத்தனையாவது பத்தாயிரம்?