அம்மா மேட்ச் பார்க்கிறாள்

என்னங்க,

கூப்பிட்டால் செல்போனிலிருந்து தலையை எடுக்காமலே "ம்" என்பீர்களே, அதற்காக ஒரு நிமிடம் பேனாவை நிறுத்திப் பார்த்தேன். பழக்கம் விடுமா? அந்த "ம்" இல்லாமல் எனக்குப் பேச்சு வரமாட்டேன் என்கிறது. ஆனாலும் உங்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு வருடத்துக்கு மேலாக நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

முதலில் செய்தி. போன சனிக்கிழமை நம் பெண் நிவியின் டீமோடு அல் ஐன் போய்வந்தேன். உங்கள் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, கோல் கம்பத்தடியில் நின்றேன். ஆமாம், நானேதான். கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. சேலைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு நின்ற கோலத்தை நீங்கள் பார்த்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

திருச்சியில் இருந்தபோது உங்கள் தங்கை கேட்டாள், "அது என்ன அண்ணி அப்படி ஒரு வெளையாட்டு?" என்று. அயர்லாந்துக்காரர்களின் ஃபுட்பால் என்றேன். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டே ஓடலாம், நாலு எட்டுக்கு ஒரு முறை தரையில் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் காலில் போட்டு மேலே எடுக்க வேண்டும் என்றேன். கோல் கம்பம் ஆங்கில எழுத்து ஹெச் போல இருக்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் மூன்று புள்ளி. மேலே, இரண்டு கம்பத்துக்கும் நடுவே போனால் ஒரு புள்ளி. கம்பத்தடியில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்பவர் வெள்ளைக் கொடியை உயர்த்துவார். வெளியே போனால் இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக வீசுவார். அதற்குப் பெயர் வைடு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்கா எங்கண்ணன் லீவு நாளெல்லாம் பார்டர் தாண்டிப் போனாரு?" என்றாள்.

நீங்கள் போனது உங்கள் மகளுக்காக. பள்ளிக்கூடத்தில் அந்த அயர்லாந்துக்கார ஈஃபா டீச்சர் அவள் கையில் அந்தப் பந்தைக் கொடுத்தபோது நான் முறைத்தேன், நீங்கள் ஷூ வாங்கிக் கொடுத்தீர்கள். அவள் படித்து முடித்து கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்த டீச்சர் நடத்தும் டீமை விடவில்லை. ஓமானில் இந்தச் சோஹாரில் இருப்பது அந்த ஒரே ஒரு பெண்கள் டீம். எதிர்த்து ஆட இங்கே ஆள் கிடையாது. ஆகவே நமக்கு எல்லா ஆட்டமும் வெளியூர் ஆட்டம்தான். துபாய், அபுதாபி, அல் ஐன், மஸ்கட் என்று மூன்று வருடம் உங்கள் பின்னால் நானும் வந்தேன். நீங்கள் ஓட்டுவீர்கள், நான் ஒரு தூக்கு நிறையப் புளியோதரை எடுத்து வருவேன். மைதான ஓரத்தில் டியூட்டிக்குப் போடும் சேஃப்டி ஷூவோடு நின்று "யல்லா நிவி, யல்லா!" என்று நீங்கள் கத்துவது அடுத்த மைதானம் வரை கேட்கும்.

ஒவ்வொரு டீமும் கம்பத்தடிக்கு ஓர் ஆளைத் தர வேண்டும் என்பது அங்கே வழக்கம். நம் டீமில் ஆடாத ஆட்கள் என்றால் நீங்களும் நானும்தான். கோட்டு உங்களிடம் வந்து சேர்ந்தது. யார்டில் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உண்டா? தன் கண்ணால் பார்க்காத ஜாயின்ட்டுக்குக் கையெழுத்துப் போடாத மனிதர். வீட்டில் கேஸ் டியூபை மாற்றினால்கூட டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் எனக்கு அடுப்பு.

அந்தத் துபாய் ஃபைனலை நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். கடைசி நிமிடத்தில் நிவி உதைத்தாள். பந்து கம்பத்தைவிட உயரத்தில் போனது. மொத்த மைதானமும் உங்களைப் பார்த்தது. நீங்கள் ஒரு நொடி அண்ணாந்து பார்த்துவிட்டு இரண்டு கையையும் வீசினீர்கள். வைடு. விசில் ஊதிவிட்டார்கள். நம் பெண் உதைத்த பந்தை நீங்களே இல்லை என்று சொன்னீர்கள்.

துபாயிலிருந்து ஹத்தா பார்டர் வரை நான் வாயை மூடவில்லை. பார்டரில் பாஸ்போர்ட்டுக்கு முத்திரை குத்துகிற நேரம் மட்டும் நிறுத்தினேன். பிறகு சோஹார் வரை மறுபடியும். "உள்ளதான் போச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றேன். "பெத்த பொண்ணவிட ஒங்களுக்குப் பேரு பெரிசு" என்றேன். இன்னும் என்னென்னவோ. நீங்கள் ரோட்டைப் பார்த்தபடி, "நான் பாத்ததத்தான காட்ட முடியும்?" என்று ஒரு முறை சொன்னீர்கள். வீட்டு வாசலில் இறங்கும்போது, "கலாஸ், விடு" என்றீர்கள். அவ்வளவுதான்.

இப்போது சொல்கிறேன், கேளுங்கள். அன்றைக்கு நான் பார்க்கவே இல்லை.

முதல் ஆட்டத்தில் நிவி உதைக்கப் போனபோது பயந்துபோய்க் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சமயபுரத்தாளைக் கூப்பிட்டேன். திறந்து பார்த்தால் வெள்ளைக் கொடி மேலே இருக்கிறது. அப்புறம் திறந்துகொண்டு இருக்க மனசு வருமா? அதுவே பழக்கமாகிப் போனது. மூன்று வருடத்தில் என் மகள் உதைத்த ஒரு பந்தையும் நான் கண்ணால் கண்டதில்லை. துபாயிலும் அப்படித்தான். கண்ணைத் திறந்தபோது உங்கள் கை ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆத்திரத்தில் ரெண்டு கண்ணால பாத்தேன் என்று அள்ளி விட்டேன். சொன்ன பிறகு இறங்கி வர ரோஷம் விடவில்லை.

"இனிமே நீங்களே போய்க்கங்க" என்று சொல்லி அடுத்த இரண்டு ஆட்டத்துக்கும் நான் வரவில்லை. புளியோதரையும் கட்டித் தரவில்லை. வழியில் ஷவர்மா வாங்கிச் சாப்பிட்டோம் என்று நிவி வந்து சொன்னபோது, "சாப்பிடட்டும், நல்லா இருக்கும்" என்றேன். மூன்றாவது ஆட்டத்துக்கு முன்பாக ஒரு செவ்வாய்க்கிழமை காலை, யார்டில், டீ குடித்துவிட்டு எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்களாம். ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முடிந்துவிட்டது. உண்மையைச் சொல்ல எனக்கு எத்தனையோ நாள் இருந்தது. நான்தான் சொல்லவில்லை. அந்தப் புளியோதரையை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

உங்களை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு சில மாதங்கள் திருச்சியிலேயே இருந்தேன். நிவி விடவில்லை. ஆபீஸ் ஆபீஸாக அலைந்து என்னைத் தன் விசாவில் ஏற்றிக்கொண்டு இங்கே அழைத்து வந்துவிட்டாள். இப்போது கார் அவள்தான் ஓட்டுகிறாள். உங்களைவிட வேகம். நான் சொன்னால் கேட்பதில்லை, நீங்கள் சொன்னாலாவது கேட்டிருப்பாள்.

போன வாரம் ஈஃபா டீச்சர் வீட்டுக்கே வந்தார். அல் ஐனுக்குக் கம்பத்தடி ஆள் இல்லை, ஆன்ட்டி வருவீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். "மூன்று வருடம் பார்த்திருக்கிறீர்களே" என்றார். என்ன பார்த்தேன் என்று எனக்கல்லவா தெரியும்! ஆனால் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. காரின் டிக்கியில் உங்கள் கோட்டு மடித்தபடியே இருந்தது. பாக்கெட்டில் பேனா டார்ச்சும் இரண்டு மிட்டாய்க் காகிதமும். சர்க்கரை இருக்கிறது, மிட்டாய் வேண்டாம் என்றேனே, கேட்டீர்களா?

அதே கோலின் எதிர்க் கம்பத்தடியில் அல் ஐன் டீமின் ஆள். வெயிலில் முகம் தக்காளியாய்ச் சிவந்துபோன ஓர் அயர்லாந்துக்காரர். அவருடைய மனைவி மைதான எல்லைக்கு வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தன் டீமுக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். முதல் பாதியில் எனக்கு இரண்டு பந்து வந்தது. இரண்டும் சுலபம். கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. துபாயில் நான் நின்றது மைதானத்தின் மூலையில். அங்கிருந்து கண்ணைத் திறந்து வைத்திருந்தாலும் அந்தப் பந்து உள்ளேயா வெளியேயா என்று சொல்லியிருக்க முடியாது.

ஆட்டம் முடியப் போகிறது. ஒரு புள்ளி பின்னால். பந்து நிவியின் கையில், என்னைப் பார்த்து ஓடி வருகிறாள். திறந்தே வைத்திருக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் உதைத்தாள். என்ன சொல்ல, மூடிக்கொண்டேன்! சமயபுரத்தாளே என்று வாய்விட்டுச் சொன்னதாகக்கூட ஞாபகம்.

திறந்தால் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். பந்து என் பக்கத்துக் கம்பத்தை ஒட்டிப் போயிருக்கிறது. வெள்ளைக் கொடி என் காலடியில். குனிந்து எடுத்துத் தூக்கினால் முடிந்தது, யாரும் கேட்கப் போவதில்லை. நிவி இரண்டு கையையும் இடுப்பில் வைத்து மூச்சு வாங்கியபடி நிற்கிறாள். நடுவர் ஓடி வந்து என்னவென்று கேட்டார். எனக்கு உங்கள் முகம்தான் வந்தது. "சாரி சார், ஐ க்ளோஸ்ட் மை ஐஸ்" என்றேன்.

அந்த மனிதருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. எதிர்க் கம்பத்துக்காரரைப் பார்த்தார். அவர் தெரியவில்லை என்று தோளைக் குலுக்கியிருக்கலாம், அவருடைய டீம் ஜெயித்திருக்கும். அவர் நேராக நடந்து வந்து, என் காலடியிலிருந்த வெள்ளைக் கொடியை எடுத்து, தன் டீமுக்கு எதிராக உயர்த்திக் காட்டினார்.

உடனே நாற்காலியிலிருந்து எழுந்தார் பாருங்கள் அவருடைய மனைவி! என்ன பேச்சு, என்ன கையாட்டல்! பாஷை பாதி புரியவில்லை. ஆனால் அந்த வாய் என் வாய்தான். கணவர் தன் கம்பத்தடிக்குத் திரும்பிப் போய், எதுவும் கேட்காதவர் மாதிரி மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குப் போகும் வரை இன்னும் எவ்வளவு கேட்கப்போகிறாரோ என்று எனக்குப் பாவமாக இருந்தது. ஆட்டம் முடிந்ததும் அந்த அம்மாவிடம் போய் ஒரு டப்பா புளியோதரையைக் கொடுத்தேன். ஏன் என்று அவருக்குப் புரிந்திருக்காது.

அந்த ஆட்டம் டிரா. அடுத்த ஆட்டத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

திரும்பும்போது புரைமி பார்டரில் வண்டிகள் வரிசையாக நின்றன. நிவி ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துவிட்டுத் திட்டப்போகிறாள் என்று நினைத்து நான், "மன்னிச்சுக்கடி, என்னையறியாம மூடிக்கிட்டேன்" என்றேன்.

"அம்மா, நீ எப்பவும் மூடிப்ப. எவ்ரி சிங்கிள் டைம். அப்பாவுக்குத் தெரியும்."

"என்னது?"

போனை எடுத்து என் கையில் கொடுத்தாள். அவள் மறுபக்கக் கோலில் உதைத்தபோதெல்லாம் நீங்கள் எடுத்து அவளுக்கு அனுப்பிய படங்கள். பதினொன்று இருந்தன. எல்லாவற்றிலும் நான்தான். கையில் தூக்கோடு, குடையோடு, ஒன்றில் உங்கள் தொப்பியோடு. எல்லாவற்றிலும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வாய் முணுமுணுத்தபடி. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரே வரி. "அம்மா மேட்ச் பார்க்கிறாள் – அபுதாபி." "அம்மா மேட்ச் பார்க்கிறாள் – மஸ்கட்."

"அந்த துபாய் மேட்ச் அன்னைக்கு நீ கார்ல கத்தினப்ப நான் சொல்லிடலாம்னு வாயத் தொறந்தேன்மா. அப்பா கண்ணாடில என்னப் பாத்து வேணாம்னு தலையாட்டினாரு" என்றாள். போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "அது வைடுதாம்மா. ஒதைச்சப்பவே எனக்குத் தெரியும்" என்றாள்.

பின்னால் இருந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் வரிசை நகர்ந்ததையே நாங்கள் பார்த்தோம். நான் அழுததை நிவி பார்க்காத மாதிரி ஓட்டினாள்.

ஏங்க, "நீ கண்ண மூடிட்டுத்தான இருந்த" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் துபாய் எல்லையிலேயே என் வாய் அடைத்துப் போயிருக்குமே. இரண்டரை மணி நேரம் அத்தனையையும் கேட்டுக்கொண்டு ஏன் பேசாமல் வந்தீர்கள்? எனக்காகவா? இல்லை, நானே ஒரு நாள் சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தீர்களா? அப்படியென்றால் நான் ரொம்பத் தாமதம் செய்துவிட்டேன். அன்றைக்குச் சொன்ன அத்தனைக்கும் என்னை மன்னித்துவிடுங்கள். நீங்கள் காட்டியது சரி.

அடுத்த மாதம் அபுதாபி. கம்பத்தடிக்கு நானே வருகிறேன் என்று ஈஃபா டீச்சரிடம் சொல்லிவிட்டேன். கோட்டின் கீழ்ப்பக்கத்தை மடித்துத் தைத்தாயிற்று. டார்ச் பாக்கெட்டிலேயே இருக்கிறது. இந்த முறை நிவி உதைக்கும்போது கண்ணைத் திறந்து வைத்திருப்பேன். உள்ளே போனால் கொடி. வெளியே போனால் நீங்கள் வீசிய மாதிரியே இரண்டு கையும். இது சத்தியம்.

படம் எடுக்கத்தான் ஆள் இல்லை.

இப்படிக்கு,
மேட்ச் பார்க்கப் போகும்
உங்கள் வீட்டுக்காரி,
நிவியின் அம்மா