ஓட்டையில்லாத மூடி

17 ஆகஸ்ட் 1957, சனி இரவு

தம்பி தேவசகாயம் இன்று இலங்கையை விட்டு இந்தியாவுக்குப் போய்விட்டான். இங்கே குடியுரிமை இல்லாததால் இனித் திரும்பி வர அவனுக்கு அனுமதி கிடையாது. நானுஓயா ஸ்டேஷனில் அவனை வழியனுப்ப என்னால் முடியவில்லை.

என் பேபி ஆஸ்டின் காரின் பெட்ரோல் டாங்கி மூடி தொலைந்ததிலிருந்து துணியைத்தான் அடைத்து வைத்திருந்தேன். "அக்கா, ஒங்க காரு கோவணம் கட்டியிருக்கு" என்று சிரிப்பான். அதற்காகவே நேற்று வேறு ஏதோ காரின் புது மூடியை வாங்கிப்போனேன். கராஜ் மெக்கானிக் சைமன் பாஸ் அதை அராவிப் பொருத்திவிட்டு, "டீச்சர், நடுவுல சின்ன ஓட்டை ஒண்ணு போடணுங்க" என்றார்.

"இந்த மழையில தண்ணி இறங்கவா? வேணாம் பாஸ்" என்றேன். டீச்சர் சொல்கிறார் என்று அவரும் விட்டுவிட்டார்.

இன்று ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் கடைசி ஏற்றத்தில் கார் நின்றது. அரைமணி நேரம் கழித்து வந்த லொறிக்காரர் மூடியைத் திருகினார். டாங்கி உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது.

"காத்து உள்ள போக வழி இல்லாட்டி பெட்ரோல் எப்படிம்மா வரும்?"

ஸ்டேஷனை அடைந்தபோது ரயில் போயிருந்தது. போர்ட்டர் சொன்னார்: "உங்க தம்பி ஏறவே மாட்டேன்னுட்டாருங்க. எங்க அக்கா கார்ல வர்றாங்க, இப்ப வந்துருவாங்கன்னு ரயில் கார்டுகிட்டயே சொன்னாரு. கடைசியில புடிச்சுத் தள்ளித்தான் ஏத்துனோம்."

பஸ்ஸில் போயிருந்தால் அவன் முகத்தைப் பார்த்திருப்பேன்.