ரிஷியின் வெல்லம்

மார்ச் 12, புதன், புந்தோங்

இன்று தங்கை வீட்டில் ஈரேழு உலகமும் அதிர வாதாடினேன். ஒரு பூனைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கணவன் பழைய ஆயுர்வேத நூலைப் பார்த்து லேகியம் கிண்டி, தினமும் அவளுக்கு ஊட்டுகிறான். அவளுக்கோ சர்க்கரை நோய். போன மாதம்தான் கால்விரல் ஒன்றை எடுத்தார்கள். லேகியத்தில் வெல்லத்தையாவது போடாதே என்று அவனிடம் சொன்னேன்.

“ரிஷி எழுதுனத மாத்த நீங்க யாரு லா, மச்சான்?”

அந்த நூலையே ஒருவர் எழுத, பின்னால் வந்தவர் திருத்த, தொலைந்த அத்தியாயங்களைப் பல நூற்றாண்டு கழித்து இன்னொருவர் எழுதிச் சேர்த்தார் என்று தொண்டை கிழியச் சொன்னேன்.

“அவங்கெல்லாம் மகான்க. நீங்க லோரி ஓட்டுனவரு.”

சரி, நெய்க்குப் பதில் மார்ஜரின் போடுகிறாயே, அதை எந்த மகான் திருத்தினார் என்று கேட்டேன்.

“அது வேற லா. நெய் விக்கிற விலையில வேற என்னத்தப் போட?”

தங்கை என் கையைப் பிடித்தாள். “என் ஒருத்திக்காக ரிஷி எழுதுனத மாத்தணுமாண்ணே?” என்று கேட்டுவிட்டு, அவன் நீட்டிய கரண்டிக்கு வாயைத் திறந்தாள்.