‘ஆதரவற்ற’ என்று ஒரு சொல்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். குட்டியின் இருமல் இதற்குள் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன், நிற்காவிட்டால் மருந்தை மாற்றிக்கொண்டே இராதே, மருத்துவரை மாற்று. நான் தலைநகரில் உறுப்பினர் விடுதியில் அதே மூன்றாம் மாடி அறையில்தான் இருக்கிறேன். இன்று சனிக்கிழமை மதியம். எல்லா உறுப்பினர்களும் நேற்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள், சாப்பாட்டுக் கூடத்தைப் பூட்டிவிட்டார்கள், தாழ்வாரத்தில் என் செருப்புச் சத்தம் எனக்கே யாரோ வருவது போலக் கேட்கிறது. காலையிலிருந்து என்னிடம் பேசிய ஒரே ஆள் லிஃப்ட்காரர், அவரும் மேலயா கீழயா என்பதோடு சரி. அறையில் இரண்டு கட்டில். ஒன்று சும்மா கிடப்பதைப் பார்க்கப் பிடிக்காமல் அதன்மேல் மசோதாக் கட்டுகளைப் பரப்பி வைத்திருக்கிறேன். நீயும் போகலாமே என்று கேட்பாய். அங்கே போனாலும் பூட்டைத் திறந்து நானே உள்ளே போக வேண்டும், அதற்கு இந்த அறையே தேவலை.

இந்தக் கூட்டத்தொடர் மொத்தம் பதினோரு நாள், பாக்கி நிற்கும் மசோதாக்கள் நாற்பத்திரண்டு. வரும் செவ்வாயோடு முடிகிறது, பிறகு தேர்தல், அதற்குள் நிறைவேறாதது எல்லாம் காலாவதி. நான் மூன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தேன். பள்ளிக் கழிப்பறைகளுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் கட்டாயம் என்ற மசோதா நிறைவேறிவிட்டது. அதைக் கேட்டு அவையே சிரித்தது, சிரித்துக்கொண்டே கையைத் தூக்கிவிட்டார்கள், எனக்கு அது போதும். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்று இந்த ஐந்து வருஷத்தில் கற்றுக்கொண்டேன். செவிலியர் வேலைநேர மசோதா குழுவுக்குப் போய் அங்கேயே தூங்குகிறது. முப்பது வருஷம் வார்டில் நின்ற காலால் சொல்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன், குழுத் தலைவர் கொட்டாவி விட்டார். ஊசியம்மா ஊசியம்மா என்று கூப்பிட்டுத்தான் ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள், இங்கே யாருக்கும் குத்தினாலும் உறைப்பதில்லை. மூன்றாவதுதான் என் உயிரை வாங்குகிறது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் பொறுமையாகப் படி.

நம் தெருமுனைத் தையல்காரரை உனக்கு ஞாபகம் இருக்கும், உன் பள்ளிக்கூடக் கால்சட்டையை வருஷா வருஷம் இறக்கித் தைத்துக் கொடுத்தவர். மனைவி போன பிறகு தனியாக இருந்தார். மூன்று பிள்ளைகள், மூன்று பேரும் மூன்று தேசத்தில். போன வருஷம் நான் மனு வாங்கும் நாளில் வந்து வரிசையில் நின்றார். சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்க்கும் பட்டியல் ஒன்று இருக்கிறது, அதில் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார். நான் மனுவைக்கூட முழுதாகப் படிக்கவில்லை. உங்களுக்கென்ன அண்ணே, சிங்கம் மாதிரி மூணு பிள்ளைங்க இருக்காங்க, இது ஆதரவில்லாதவங்களுக்கு என்று சொல்லிச் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். ஆமாம்மா, இருக்காங்க என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நாலு பேர் முன்னால் சொல்வதில் அவருக்குப் பெருமைதான். ஏழு வாரம் கழித்து வாசலில் செய்தித்தாள் குவிந்து கிடப்பதைப் பார்த்துக் கதவை உடைத்தார்கள். ஒன்பது நாள் ஆகியிருந்தது. நானும் போய்ப் பார்த்தேன். தையல் இயந்திரத்தில் ஊசி துணிக்குள் இறங்கியபடியே நின்றது. நான் எத்தனையோ சாவைப் பார்த்தவள், ஆனால் அன்று வீட்டுக்கு வந்து என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகுதான் இந்த மசோதாவை எழுதினேன். தனித்து வாழும் முதியோர் யாராயிருந்தாலும் வாரம் ஒருமுறை ஒருவர் போய்க் கதவைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். கதவுதட்டி மசோதா என்று எல்லோரும் கேலி செய்கிறார்கள், செய்யட்டும். சட்டத்துறைக்குப் போய்த் திரும்பி வந்தபோது இரண்டாவது பிரிவில் ஒரு சொல் புதிதாக முளைத்திருந்தது. ‘தனித்து வாழும் முதியோர்’ என்று நான் எழுதியதை ‘தனித்து வாழும் ஆதரவற்ற முதியோர்’ என்று ஆக்கிவிட்டார்கள். ஆதரவற்றவர் என்றால் பிள்ளைகள் இல்லாதவர் என்று அடியில் பொடி எழுத்தில் விளக்கம். அதாவது தையல்காரருக்கு நான் போட்ட அதே சிவப்புக் கோடு, இந்த முறை அச்சில். அமைச்சர் கூப்பிட்டுப் பேசினார், மரியாதையாகத்தான் பேசினார். அக்கா, அந்தச் சொல் இருந்தா செவ்வாய்க்கிழமையே அரசு மசோதாவா எடுத்து நிறைவேத்திடுறேன், இல்லேன்னா வீடு வீடா போக ஆள் பத்தாது, என்னால முடியாது என்றார். எங்கள் கட்சித் தலைவரும் இந்த மட்டுக்குமாவது கிடைக்குதே, வாங்கிட்டு வாங்க என்றார். இரண்டு நாள் யோசித்தேன். வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன், பொய் சொல்வானேன்.

நேற்று வெள்ளிக்கிழமை, தனி உறுப்பினர்களின் மசோதாவுக்கு ஒதுக்கிய நாள். எனக்கு இருபது நிமிஷம் கொடுத்தார்கள். எழுதிக்கொண்டு போனதை நல்லபிள்ளையாக வாசித்து முடித்து, அந்தச் சொல்லைப் பற்றி வலிக்காமல் ஒரு வரி சொல்லிவிட்டு உட்காரப் போனேன். எதிர்வரிசையில் ஒருவர் இருக்கிறார், எதற்கெடுத்தாலும் மேசையைத் தட்டுவதால் மேசைத்தாளம் என்று பெயர் வைத்திருக்கிறோம். கெட்ட மனிதர் இல்லை, வாய்த்துடுக்கு. அவர் எழுந்து, பிள்ளைங்க இருக்கிறவங்க எப்படி ஆதரவற்றவங்க ஆவாங்க, ஊசியம்மாவுக்கே வெளிநாட்டுல ராஜா மாதிரி ஒரு பையன் இருக்காரே, அப்ப அவங்களும் ஆதரவற்றவங்களா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். தையல்காரர் சொன்னது போல ஆமாம், இருக்கிறான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேறொன்று வந்துவிட்டது. அது அவைக் குறிப்பில் ஏறிவிட்டது, திங்கட்கிழமை அச்சில் வரும், பத்திரிகைக்காரர்களும் குறித்துக்கொண்டார்கள், நல்லவேளை இன்றைய தாளில் வரவில்லை. யாரோ எழுதி நீ படிப்பதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும். அதனால் எழுதி முடித்ததும் இந்தக் காகிதங்களை என் போனிலேயே படம் பிடித்து உனக்கு அனுப்புகிறேன்.

நாலு மாதத்துக்கு முன்னால் நான் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். காலை ஏழு மணி இருக்கும். விலா எலும்பில் இரண்டு விரிசல், புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. ஊருக்கெல்லாம் குளியலறையில் ரப்பர் விரிப்புப் போடுங்கள் என்று உபதேசம் செய்தவள், என் வீட்டில் போடவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், கதவு சாத்தியிருந்தது, தெருவில் வண்டிச் சத்தம், யாருக்கும் கேட்கவில்லை. தரை ஈரம் என் உடம்புச் சூட்டில் காய்ந்து போனது. பதினோரு மணிக்குக் கூடத்தில் போன் அடித்தது. நீதான் என்று மணியிலேயே தெரியும், உனக்கென்று குட்டியின் சிரிப்பைத்தான் மணியாக வைத்திருக்கிறேன். அது சிரித்தது, நின்றது, மறுபடி சிரித்தது, நின்றது. இரண்டு மணிக்குத் தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர் கதவைத் தட்டினார், என் குரல் கேட்டு ஆட்களைக் கூட்டி வந்தார். அவர் வர வேண்டிய நாள் அதில்லை, முந்தின நாள் விடுப்புப் போட்டிருந்தாராம். மருத்துவமனையிலிருந்து அன்று சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டேன். ஏம்மா எடுக்கலை என்று கேட்டாய், தொகுதிக் கூட்டத்தில் இருந்தேன், சத்தத்தில் கேட்கவில்லை என்றேன். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, எனக்கு மீசை இல்லாத குறைதான். உன்னிடம் சொல்லாததை நேற்று நூற்று நாற்பது பேருக்கு முன்னால் சொன்னேன். எனக்குப் பிள்ளை இருக்கிறான், தங்கமான பிள்ளை, அன்றைக்கு அவன் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான், நான் தரையில் கிடந்தேன், இந்தச் சொல்லின்படி என் கதவை யாரும் தட்ட வேண்டியதில்லை என்றேன். மேசைத்தாளம் உட்கார்ந்துவிட்டார். சபாநாயகர் கண்ணாடியைக் கழற்றி, இது உங்க சொந்த விஷயம்மா, குறிப்பிலேர்ந்து எடுத்துடச் சொல்லட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் ஐயா என்றேன்.

நேற்று மாலையே அமைச்சர், அந்தச் சொல்லை எடுத்துவிட்டே செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்புக்கு விடுகிறேன், ஜெயிப்பதும் தோற்பதும் உங்கள் பாடு என்று சொல்லி அனுப்பினார். பெயர் பெயராக எண்ணிப் பார்த்தேன், இன்னும் நாலு பேர் குறைகிறார்கள். நாளைக்கு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், மேசைத்தாளத்தையும் கேட்பேன். தோற்றாலும் தோற்கட்டும், அரைகுறையாக வாங்கிக்கொண்டு அந்தத் தையல்காரரின் வீட்டைத் தாண்டி என்னால் நடக்க முடியாது. எனக்கு வேறு பயம். இதைப் படித்துவிட்டு அம்மா நம்மை ஊர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டாளே என்று நீ நினைப்பாயோ என்றுதான். உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை ராஜா. போகாதே என்று நான் சொல்லவில்லை, போ என்றுதான் பெட்டி கட்டிக் கொடுத்தேன், இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் தனியாக இருக்கிறது, மிகவும் தனியாக இருக்கிறது. இதை எழுத எனக்கு அறுபத்தெட்டு வயதாகியிருக்கிறது.

அடித்துப் பிடித்துக்கொண்டு டிக்கெட் போடாதே, எலும்பு கூடிவிட்டது, விரிப்பும் வாங்கிப் போட்டாயிற்று. மருமகளைக் கோபித்துக்கொள்ளாதே, அவளுக்கும் ஒன்றும் தெரியாது. தூக்கம் கெட்டுக் கார் ஓட்டாதே. குட்டிக்கு என் முத்தம். மூவரும் நூறு வயது நோய்நொடியில்லாமல் ஒரே கூரையின் கீழ் இருக்க அம்மாவின் ஆசீர்வாதம். ஒன்றே ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். இனிமேல் நீ போன் செய்து எப்படிம்மா இருக்கே என்று கேட்டால், உண்மையைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதுவரை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா